வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து, டிசைன், வீடியோ எடிட்டிங், வெப்சைட் என்று சொந்தமாக இறங்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் வேலை பிடிப்பதைவிடச் செய்த வேலைக்குக் காசு வாங்குவதுதான் பெரும்பாடு.

முதலில் கூலிக் கணக்கு. மாதம் 22 நாள் உழைத்தாலும், வாடிக்கையாளரைத் தேடுவதும் பேசுவதும் போக, பில் போட முடிகிற நாள் 12 என்று வையுங்கள். பி.ஜி. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது 30,000 ரூபாய்; லேப்டாப் தேய்மானம், மருத்துவக் காப்பீடு, வரிக்கு 6,000. ஆக, ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். பலரும் 22-ஆல் வகுத்து 1,600 சொல்லிவிடுகிறார்கள். அங்கேயே பாதி போய்விடுகிறது.

அடுத்தது உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஆதாரும் பான் கார்டும் போதும், ஒரு பைசா செலவில்லை. அரசுத் தளம் போலவே இருந்து கட்டணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். பதிவை வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். காசு இழுபறியான பிறகு பதிந்தால் சிக்கல். பதிந்த குறுந்தொழிலுக்கு, ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறுதொழில் (எம்எஸ்எம்இ) அமைச்சகத்தின் இணையத் தளம் வழியாகப் புகார் கொடுக்கலாம்.

நாள் எண்ணுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அந்தக் கெடு, வாடிக்கையாளர் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். அதனால் ஃபைலை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். தேதியோடு மெயிலிலும் அனுப்புங்கள். முன்பணம் 40 சதவீதம், திருத்தம் இரண்டு முறை, மூல ஃபைல் முழுப்பணம் வந்த பிறகே என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

சென்னை போல வெளிமாநில வாடிக்கையாளர் என்றால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது வீண் பயம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. பதியாமல் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது.

வருமான வரிக்காகக் கம்பெனிகள் முன்கூட்டியே 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் 60,000 ரூபாய் பில்லுக்கு 54,000தான் கைக்கு வரும். வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் அந்த 6,000 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும்.