கட்டைவிரல் நிற்கவே இல்லை

மதியம் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜான் ஃபாஹியின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் நண்பர் ஒரு இயர்போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு, "ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா?" என்றார்.

ஒருத்தர்தான்.

வலது கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி விழுந்து தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டைப் பாடும், கட்டைவிரல் மட்டும் எதற்காகவும் நிற்காது.

இதற்குப் பெயர் அமெரிக்கன் பிரிமிட்டிவ். எஃகுத் தந்தி கிட்டார், பெரும்பாலும் பாட்டு கிடையாது. 1920களின் ப்ளூஸ்காரர்கள் இசைத்தட்டில் விட்டுப்போன விரல் வித்தையை எடுத்து, அதில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் மாதிரியான நவீன இசையைக் கலந்து, நீளமான தனி வாசிப்பாக்கினார் ஃபாஹி. 1959-ல் டகோமா என்று சொந்த லேபிள் தொடங்கித்தான் முதல் தட்டைக் கொண்டுவந்தார். அப்புறம் வந்த ராபி பாஷோ பன்னிரண்டு தந்தி கிட்டாரில் ராகங்களைத் தேடிப் போனார்.

கிட்டார் உடம்பைத் தட்டித் தாளம் போடும் இன்றைய வாசிப்பையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள். அது பெரிய திறமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் இது வேறு. ஓபன் ட்யூனிங்கில், அதாவது விரல் அழுத்தாமல் மீட்டினாலே தந்திகள் இசைந்து ஒலிக்கும்படி சேர்த்துவைத்த கிட்டாரில், சுருதி அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சுரம் அடங்கும் வரை வாசிப்பவர் அவசரப்படமாட்டார். எனக்கு அந்தப் பொறுமைதான் இதன் இலக்கணம்.

புதிதாகக் கேட்பவர்கள் லியோ காட்கேயின் 1969 ஆல்பத்தில் ஆரம்பியுங்கள், வேகமே இழுத்துவிடும். ஃபாஹிக்கு மெதுவாக வரலாம்.