ஃபேனை நிறுத்தச் சொன்ன மாலை

கடலூர் வட்டாரத்தில் எங்கே மேடை போட்டாலும் பெண்களுக்கு மூன்று வேலை உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து பாட வேண்டும், வரவேற்புரை சொல்ல வேண்டும், பாதிக் கூட்டம் எழுந்து போன பிறகு நன்றியுரை சொல்ல வேண்டும். நடுவில் இரண்டரை மணி நேரமும் ஆம்பளைங்க பேச்சுதான். அப்பா காலத்து மைக்செட் கடையில் வளர்ந்தவன் நான், வேறு மாதிரி மேடையைப் பார்த்ததில்லை. அதனால், மஞ்சக்குப்பத்தில் ஒரு வாசகர் வட்டத்தினர் வந்து, "பெண்கள் மட்டும் பேசுவாங்கண்ணே, அவங்கவங்க சொந்தக் கதை, ஆளுக்குப் பத்து நிமிஷம்" என்று சொன்னபோது நான் முதலில் கேட்டது சிறப்பு விருந்தினர் எத்தனை பேர் என்றுதான். ஒருத்தரும் கிடையாதாம். மேடையில் நாற்காலியே கிடையாதாம்.

அமெரிக்காவில் 'தி மாத்' என்று ஒரு அமைப்பு 1997-லிருந்து இப்படிக் கதை சொல்லும் கூட்டம் நடத்துகிறது என்று அவர்கள்தான் விளக்கினார்கள். கதை உண்மையாக இருக்க வேண்டும், சொல்கிறவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும், தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது. ஆரம்பித்தவர் ஒரு நாவலாசிரியர். ஜார்ஜியா பக்கத்தில் ராத்திரி வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதை பேசிய பழக்கத்தை நியூயார்க்குக்குக் கொண்டு போனாராம். திண்ணையை இடித்து பைக் நிறுத்த இடம் பண்ணிய நமக்கு இது அங்கேயிருந்து திரும்பி வர வேண்டியிருக்கிறது!

மேடைப் பேச்சுக்கு மைக் வைப்பது சுலபம். பேச்சாளர் ஒரே சுருதியில் ஒரு மணி நேரம் முழங்குவார், ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பிடியை, ஒருமுறை ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். கதைக்கு அது ஆகாது. ஆரம்பத்தில் பதற்றத்தில் கத்துவார்கள், முக்கியமான இடம் வரும்போது குரல் உள்ளே போய்விடும். கையில் மைக்கைக் கொடுத்தால் பழக்கமில்லாதவர்கள் வயிற்றுக்கு நேராகப் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் மைக்கின் தலையை மூடிப் பிடித்து ஸ்பீக்கரைக் கூவ வைப்பார்கள். மைக்குக்கும் வாய்க்கும் தூரம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் ஆற்றலில் கால்வாசிதான் வந்து சேரும். அதை ஈடுகட்ட ஆம்பை ஏற்றினால் ஃபேன், நாற்காலி, வெளியே போகிற பஸ் எல்லாம் சேர்ந்து ஏறும். அதனால் ஸ்டாண்டிலேயே வைத்தேன். ஒவ்வொருவர் வரும்போதும் நானே போய் உயரம் சரிசெய்துவிட்டு ஓடிவந்து மிக்சரில் உட்கார்ந்தேன்.

தொகுத்துப் பேசிய பெண், சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலையம்மாளில் ஆரம்பித்தார். 1890-ல் முதுநகரில் பிறந்தவர், 1927-ல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்துக்குத் தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போனவர், கர்ப்பிணியாகச் சிறையில் இருந்து பிரசவத்துக்கு வெளியே வந்து, திரும்பச் சிறைக்கே போனவர். கதை எங்கள் ஊரில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் எப்போதும் மாலை போடுகிற நாளில் யாராவது ஒருத்தர் அவருக்காகப் பேசித்தான் கேட்டிருக்கிறேன்.

முதல் ஆளாக ஏறியவர் தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா. அமைப்பாளர்களுக்கு அவரிடம் சுனாமி கதை வேண்டும். முந்தின வாரம் பேசி வைத்தும் இருந்தார்கள். ஏறியதும் அவர் சொன்னது: "சுனாமி கதைய கேமராகாரங்ககிட்ட எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு. இன்னிக்கு நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டத சொல்றேன்."

அமைப்பாளர் முகம் கொஞ்சம் வாடியதைப் பார்த்தேன். எனக்கு என்னவோ அப்போதே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தாழங்குடாவிலும் சோனாங்குப்பத்திலும் நிவாரணக் கூட்டங்களுக்கு எங்கள் கடையிலிருந்துதான் மைக் போனது. பெரிய ஆட்கள் வந்து இறங்குவார்கள், யாராவது ஒரு பெண்ணை முன்னால் நிறுத்துவார்கள், அவர் சொல்வார். மறுநாள் வேறு ஒருத்தர் வருவார், அதே பெண் அதே வார்த்தைகளில் சொல்வார். எந்த இடத்தில் அழுகை வரும் என்று எனக்கே தெரிந்திருந்தது. பொய் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவும் நடந்ததுதான். ஆனால் அது கேட்க வந்தவர்களுக்கு என்று அமைந்துபோன கதை. ஹெட்போனில் கேட்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும், மூச்சு எடுக்கிற இடங்கள் கூட மாறாது.

டிவிஎஸ் எக்ஸ்எல் கதை அப்படி இல்லை. வண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் செம்மண்டலம் வரைக்கும் போனாராம். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று கை குழம்பி ஒரு பூக்கடையில் போய் நின்றதும், பூக்காரி மீன் நாற்றத்துக்குத் திட்டியதும், கடைசியில் அரைக் கிலோ சங்கராவில் சமாதானம் ஆனதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இடையில் ஒரே ஒரு வரி: "அந்த வண்டி அவரு வாங்கினது. அவரு போன வருஷத்துக்கப்புறம் தார்ப்பாய் போட்டு மூடியே கெடந்துச்சு." எந்த வருஷம் என்று சொல்லவில்லை. கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை.

அடுத்து பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முந்திரி உடைக்கும் ஒரு அக்கா. முந்திரி ஓட்டு எண்ணெய் தோலை அரித்துவிடும், சாம்பல் தடவிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். ரேஷன் கடை மிஷினில் இவர் விரல் பதியவே இல்லையாம். ஒவ்வொரு விரலாக வைத்து வைத்துப் பார்த்ததை அவர் நடித்தே காட்டினார். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்களாம்: தேங்காய் எண்ணெய் தடவு, துடைச்சிட்டு வை, கால் விரலை வை. மண்டபம் சிரித்த சிரிப்பில் மீட்டர் சிவப்பைத் தொட்டது.

மூன்றாவதாக வந்தவர் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பாட்டி. சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பம். பிரெஞ்சுக்காரர் ராணுவத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்க அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நிறையப் பேர் வியட்நாமின் சைகோனுக்குப் போனார்கள். இவர் அங்கேயே பிறந்தவர். சிறு வயதில் அம்மாவோடு கப்பலில் திரும்பியதைச் சொல்ல ஆரம்பித்தார். குரலே வரவில்லை. மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், ஆம்பை ஏற்றினேன், மேலே ஃபேன் இரைச்சல்தான் கேட்டது. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் கூவிவிடும். எழுந்து போய் மண்டபத்து ஆளிடம் எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன். "கல்யாண மண்டபத்துல ஃபேனை நிறுத்தினா அடிக்க வருவாங்க தம்பி" என்றார். வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

யாரும் வரவில்லை. சட்டை முதுகில் ஒட்ட உட்கார்ந்து கேட்டார்கள். கப்பலில் அம்மா ஒரு பெட்டியைத் திறக்கவே விடவில்லையாம். புதுச்சேரியில் இறங்கி, தாத்தா வீட்டுக் கூடத்தில் வைத்துத் திறந்தால், உள்ளே மீன் சாஸ் பாட்டில்கள். ஒன்று உடைந்து துணியெல்லாம் நாறிப்போயிருந்ததாம். "எங்கம்மா அன்னிக்கு அழுத மாதிரி அப்புறம் எப்பவும் அழுவல" என்று சொல்லி நிறுத்தினார். நீளமான நிறுத்தம். இந்த மாதிரி நேரத்தில் தொகுப்பாளர் ஓடிவந்து கைதட்டச் சொல்வதுதான் நம்மூர் வழக்கம். அந்தப் பெண் அசையவில்லை, அதற்கே அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். நானும் ஃபேடரிலிருந்து கையை எடுக்கவில்லை. பாட்டி தண்ணீர் குடித்துவிட்டு, அந்த நாறின துணியை வெட்டித் தனக்குப் பாவாடை தைத்த கதைக்குப் போனார்.

எல்லாக் கதையும் இப்படி அமையவில்லை. ஒரு ஆசிரியை கதை என்று ஆரம்பித்துப் பெண்கல்வி பற்றிச் சொற்பொழிவு செய்தார். இன்னொருவர் மாமியார் முன்வரிசையில் இருந்ததால் பாதியிலேயே முடித்துக்கொண்டார். அவருக்காக நான் வருத்தப்பட்டேன். ஆனால் எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் அவர் பாடுதானே.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மீன்காரம்மா வந்து நின்றார். பேத்திக்கு வைகாசியில் காதுகுத்து, மைக்செட் என்ன வாடகை என்று கேட்டார். சொன்னேன். குழாய் ஸ்பீக்கர் வேண்டாம், பாக்ஸ் போதும் என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் குறைத்தார். பாட்டுப் போடுகிற நேரம் போக, அவருக்கே கொஞ்சம் பேச மைக் வேண்டுமாம். அதற்குத் தனி வாடகை உண்டா என்று கேட்டார்.