ஊற்று வற்றாமல் இருக்க மலையில் காடு வளர்க்கிறோம்: கன்று நடும் முன் செய்த வேலைகள்

மலையில் இருப்பவர்களுக்குக் குடிநீர் என்றால் பெரும்பாலும் ஊற்றுத் தண்ணீர்தான். எங்கள் ஊற்று கோடைக்குக் கோடை மெலிந்துகொண்டே வந்ததால் ஊரில் கொஞ்சப் பேர் சேர்ந்து காடு வளர்க்கும் வேலையில் இறங்கினோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கன்று நடுவது கடைசி வேலை, அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் ஏராளம்.

எல்லாரும் கேட்டது "எத்தனை கன்று வேணும்?" என்றுதான். எங்களோடு நிலத்தடி நீர் பற்றிப் படித்த ஒருவர் வந்திருந்தார், அவர் கன்றைப் பற்றிப் பேசவே இல்லை, பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தார். ஊற்றுக்கு நேர் மேலே பெய்யும் மழைதான் ஊற்றில் வரும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தண்ணீர் பாறை அடுக்கு சாயும் பக்கமாக, விரிசல் வழியே போகிறது, முகட்டுக்கு அந்தப் பக்கம் பெய்த மழை இந்தப் பக்கம் ஊற்றாக வருவதும் உண்டு. எங்களுக்கும் அப்படித்தான், நீர் இறங்கும் இடம் பக்கத்துச் சரிவில், ஆடு மாடு மிதித்து இறுகிப் போன பொட்டலில் இருந்தது. சிக்கிமில் ஊற்றுகளை மீட்க 2008-ல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்திலும் இப்படி நீர் இறங்கும் சரிவைக் கண்டுபிடித்துத்தான், மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் குழிகளை வெட்டினார்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் தப்பான சரிவில் வருஷக்கணக்கில் உழைப்பு போய்விடும்.

அப்புறம் ஊற்றில் வரும் தண்ணீரை அளந்து எழுதி வைப்பது. ஒரு வாளியும் கைபேசியும் போதும். பத்து லிட்டர் வாளி நிரம்ப 50 நொடி ஆனால் நிமிடத்துக்கு 12 லிட்டர், அவ்வளவுதான் கணக்கு. கோடையின் கடைசி வாரங்களில் எடுக்கும் அளவுதான் முக்கியம், கூடவே மழை அளவையும் எழுதி வையுங்கள்.

உண்மையில் கஷ்டமான கட்டம் மேய்ச்சல். அந்தச் சரிவில் ஆடு மேய்க்கும் பெரியவர் கூட்டத்தில் நேராகவே கேட்டார், "மரம் வைக்கிறேன்னு சொல்லி எங்க மேய்ச்சலைப் பிடுங்கப் போறீங்களா தம்பி?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் கம்பிவேலி போட்டிருந்தால் வேலியும் நின்றிருக்காது, கன்றும் நின்றிருக்காது. பேசிப் பேசித்தான் ஒரு வழிக்கு வந்தது. சரிவை முழுசாக மூடாமல் துண்டு துண்டாக, முறை வைத்து மூடுவது, மூடிய துண்டில் வளரும் புல்லை அறுத்துக்கொண்டு போகும் முதல் உரிமை ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு, காவல் கூலியும் அவர்களுக்கே. தண்ணீர் சுமக்கும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்த பிறகுதான் இது முடிவானது, ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசிய முந்தைய கூட்டங்களில் ஒன்றுமே நகரவில்லை. நிலம் வனத்துறையுடையது என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

எந்த மரம் என்பதில் பெரிய வாக்குவாதம். சீக்கிரம் வளரும் தைல மரம் வைக்கலாம் என்றார்கள் சிலர். மரம் வைத்தாலே தண்ணீர் பெருகும் என்பது சரியில்லை, மரமும் தண்ணீர் குடிக்கும். 94 நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் ஆய்வுகளைத் தொகுத்து 1982-ல் வந்த கட்டுரை ஒன்று, பைன், தைல மரக் காடுகளில் மரப் பரப்பு 10 சதவீதம் கூடினால் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 40 மி.மீ. குறைகிறது என்கிறது. நமக்கு வேண்டியது இறுகிய மண் இளகி, மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குவது. அதனால் அந்த மலைக்கே உரிய மரங்களைக் கலந்து, இடைவெளி விட்டு, புல்லையும் புதரையும் அழிக்காமல் நடுவது என்று முடிவு செய்தோம். ஏற்கெனவே நல்ல புல்வெளியாக இருக்கும் இடத்தில் மரமே வைக்கவில்லை, அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

நாற்றங்காலில் ஒன்று கவனியுங்கள். ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும், நாவல் மாதிரி விதைகளைப் பொறுக்கிய கையோடு போட்டுவிட வேண்டும். கன்றை வெளியில் வாங்கினால் ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். வேர் பையின் அடியில் வட்டமாகச் சுருண்டு கெட்டித்துப் போயிருந்தால், மேலே இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம்.

மழைக்கு முன்னால், ஓடும் தண்ணீரைத் தேக்கும் நீளக் குழிகளைச் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டினோம். மட்டம் பார்க்க ஒரு எளிய கருவி போதும். மூன்று கம்புகளை ஆங்கில ஏ எழுத்து போலக் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். நூல் குறுக்குக் கம்பின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்கிறது, அங்கே ஒரு முளை அடித்துவிட்டு அடுத்த அடிக்கு நகரலாம். மட்டம் தவறினால் தண்ணீர் ஒரு மூலையில் சேர்ந்து கரையை உடைத்துவிடும். செங்குத்தான சரிவில் குழியே வேண்டாம், மண்சரிவுக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நட்டதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, மழை பிடித்ததும் எல்லாரும் சேர்ந்து நட்டோம். அதற்குப் பிறகுதான் வேலை. இரண்டு மூன்று வருஷமாவது கன்றைச் சுற்றிக் களை எடுக்க வேண்டும், பட்டுப்போன இடத்தில் மறுபடி நட வேண்டும். பணம் கொடுக்க வருபவர்கள் எத்தனை நட்டீர்கள் என்று மட்டும் கேட்கிறார்கள், பராமரிப்புக்குக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று வருஷா வருஷம் எண்ணி, அதற்குத்தான் பணம் தர வேண்டும்.

தண்ணீர் கூடியதா என்று கேட்கிறார்கள். போன கோடையில் வாளி முன்பைவிடச் சீக்கிரம் நிரம்பியது, ஆனால் அதற்கு முந்தைய மழையும் அதிகம், அதனால் அதைக் கன்றுகளின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. குழிகளின் பலன் ஓரிரு மழையில் தெரியலாம், மரத்தின் பலனுக்கு இன்னும் பல வருஷம் அளக்க வேண்டும். இப்போது தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை பாதி முடிந்திருக்கிறது, மேல் சரிவில் புல் காய்வதற்குள் மீதியையும் முடித்தாக வேண்டும்.