மூடப்போகும் சாப்பாட்டுக்கடை தட்டிலேயே தெரியும்

திருகோணமலையில் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் பூட்டு விழுந்தால் ஊர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "முந்தி மாதிரி ருசி இல்லை." கடைகளுக்குச் சாமான் போடுகிறவர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் குசினியில் நிற்கிறவர்களும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். முதலில் கணக்கு இடிக்கும், பிறகுதான் ருசி கெடும். கணக்கு இடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பலகை இறங்கும் நாள் வரை சில மாதங்கள் ஓடும். சில கடைகளில் ஒரு வருடத்துக்கு மேலும் ஓடும். வேலை மாற்றலாகி வந்து மூன்று வேளையும் கடையில் சாப்பிடுகிற உத்தியோகத்தர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் இதை நாக்கால் உணர்வார்கள். எங்கே இடிக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

சூடான கல்லில் தகடுகளால் ரொட்டியைத் துண்டாக்கி ஆணத்தோடு (குழம்போடு) பிரட்டும் கொத்துரொட்டியில் தொடங்கலாம், கைவைக்க அதில்தான் இடம் அதிகம். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு அரை லீற்றருக்குச் சற்றுக் கூடத் தண்ணீரும் உப்பும் எண்ணெயும் விட்டுக் குழைத்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். 80 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 20 ரொட்டி. ஒரு கொத்துக்கு இரண்டரை ரொட்டி வைத்தால் 8 பிளேட். உருண்டைகளை எண்ணெயில் இரண்டு மணித்தியாலமாவது ஊறவிட்டு, பின்னேரமே ரொட்டியைச் சுட்டு, அடுக்காமல் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு கொத்தினால் ரொட்டி களியாகி ஒட்டும். ஆறிய ரொட்டிதான் துண்டு துண்டாக விழும், ஆணத்தையும் உள்ளே இழுக்கும்.

கணக்கு இடிக்கும் கடையில் முதலில் சிறுப்பது அந்த உருண்டைதான். 80 கிராம் 65 ஆகும். ஒரு கிலோ மாவில் 24 ரொட்டி. இறைச்சியில் கைவைத்தால் வாடிக்கையாளர் உடனே கண்டுபிடிப்பார், மாவில் வைத்தால் தெரியாது என்பது முதலாளியின் எண்ணம். ஆனால் சின்ன உருண்டையை அதே அகலத்துக்கு வீசினால் ரொட்டி மெலியும், மெலிந்தது கல்லில் காய்ந்து மொறுகும், தகடு இறங்கினால் தூளாகும். தூளை ஈரமாக்க ஆணம் கூடுதலாக ஊற்றுவார்கள், அளவைக் காட்டக் கோவாவும் கரட்டும் கூடும். கடைசியில் தட்டுக்கு வருவது ஈரமான மரக்கறிப் பிரட்டல். ஆணம் தட்டின் அடியில் குளமாக நிற்கிற கொத்து வந்தால் சமையற்காரரைத் திட்டாதீர்கள். மாக் கணக்கைப் பார்க்கிறவர் வேறு ஆள். மா அரைக்கும் பிறீமா ஆலை சீனக்குடாவில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அதனால் எங்களுக்கு மா மலிவு என்று நினைக்கவும் வேண்டாம். கோதுமை கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் எங்கள் ரொட்டியும் ஏறும்.

கொத்துச் சத்தத்தை வைத்துக் கடையை மதிப்பிடுவதும் சரிவராது. ஆள் வராத இரவுகளில் வெறும் கல்லில் தகட்டைத் தட்டுவதும் தொழிலின் ஒரு பகுதிதான்.

அடுத்த இடம் கண்ணாடிப்பெட்டி. எங்கள் கடைகளில் ரோல்ஸ், வடை, மாலுபாண் (மீன் வைத்த பணிஸ்) எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து மேசைக்கு அனுப்புவார்கள். தின்றதற்குக் காசு, மிச்சம் பெட்டிக்குத் திரும்பும். ஓடுகிற கடையில் தட்டு இரண்டு சுற்றுக்குள் காலியாகிவிடும். ஓடாத கடையில் அதே ரோல்ஸ் காலையிலிருந்து ஆறு மேசை பார்த்திருக்கும். ரோல்ஸின் மேலே உள்ள பாண்தூள் உள்ளே இருக்கும் கிழங்கின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். பின்னேரத்தில் தோல் தளர்ந்து, விரலால் அமர்த்தினால் பள்ளம் விழும். அதைத் திரும்ப எண்ணெயில் போட்டு எடுத்தால் நிறம் கறுக்கும், நுனிகள் வெடிக்கும், கடித்தால் உள்ளே நடுப்பகுதி குளிராக இருக்கும். நுனி வெடித்த ரோல்ஸ் தொடர்ந்து கண்ணில் பட்டால் அந்தக் கடையில் காலைக் கூட்டம் குறைந்திருக்கிறது, சமைக்கும் அளவை மட்டும் குறைக்கவில்லை என்று பொருள். பெட்டி நிறைந்து இருந்தால்தான் ஆள் உள்ளே வரும் என்று முதலாளி நம்புகிறார். அந்த நம்பிக்கை முழுப் பிழையும் அல்ல, அதனால்தான் விட முடிவதில்லை.

சைவக்கடைக்கு வேறு விதமான அடி. 2020க்குப் பிறகு உழுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோசை, இட்லி, உழுந்துவடை மூன்றும் ஒரே நேரத்தில் தடுமாறின. உழுந்தைக் குறைத்து, அரிசியையோ கோதுமை மாவையோ கூட்டினால் தோசை கல்லிலிருந்து எழும்பும்போது அழகாகத்தான் இருக்கும். சாம்பார் வர ஐந்து நிமிடம் பிந்தினால் தோல்போல இழுபடும். உழுந்துவடை மெல்ல மெல்லக் கண்ணாடிப்பெட்டியில் பின்வரிசைக்குப் போய்ப் பருப்புவடை முன்னுக்கு வந்தது. அதே காலத்தில் மஞ்சளுக்கும் இறக்குமதித் தடை. சொதியின் நிறம் வெளுத்ததைப் பார்த்துத் தேங்காய்ப்பால் கூடிவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமையும் விரதநாட்களும் இந்தக் கடைகளைத் தூக்கிப் பிடித்தன. மற்ற நாட்களில் ஒரு பிளேன்டியோடு ஒரு மணித்தியாலம் இருப்பவர்களே அதிகம்.

இடியப்பம் இன்னும் நுட்பமான அடையாளம். பல கடைகளில் அது கடைக் குசினியில் அவிவதில்லை. சுற்றுப்புற வீடுகளில் பெண்கள் அவித்து, விடிய முன் 50, 100 என்று எண்ணிக் கொடுப்பார்கள். இது கைக்குக் கை காசு வியாபாரம். அவர்கள் கடன் தாங்கமாட்டார்கள், தாங்கவும் வழியில்லை. கடையில் காசு இறுகினால் "அக்கா, நாளைக்குச் சேர்த்துத் தாறன்" என்று தொடங்கும். இரண்டு மூன்று நாள் பொறுப்பார்கள். பிறகு அந்த அக்கா நல்ல இடியப்பத்தைக் காசு தரும் கடைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை இங்கே கொண்டுவருவார், கடைசியில் அதுவும் இல்லை. ஏழு மணிக்கே "இடியப்பம் முடிஞ்சுது" என்று ஒரு கடை தினமும் சொன்னால் அது வியாபாரம் பிச்சுக்கொண்டு போவதால் அல்ல. பாண் மட்டும் வைத்துக் காலையை ஓட்டும் கடை கோழிக்காரருக்கும் பலசரக்குக் கடைக்கும் பாக்கி வைத்திருக்கும் என்று தாராளமாக நினைக்கலாம்.

பாக்கி என்றதும் கடன் கொப்பி. அலுவலகங்களுக்குப் பக்கத்தில் உள்ள மத்தியானச் சாப்பாட்டுக்கடைகள் கொப்பி இல்லாமல் நடக்காது. மாதம் முழுக்கச் சோற்றுப்பார்சல், சம்பளத்துக்குக் காசு. இந்த ஒழுங்கு பல வருடம் பிசகாமல் ஓடும். உடைவது இடமாற்றம் வரும்போதுதான்: உத்தியோகத்தர் புதிய ஊருக்குப் போய்விடுவார், கொப்பியில் அவர் பெயர் இருக்கும். பார்சலுக்கு இலாபம் 10 வீதம் என்றால், அறவிட முடியாத ஒரு பார்சலின் விலையை எடுக்க இன்னும் 10 பார்சல் விற்க வேண்டும். கணக்குத் தெரிந்த முதலாளிகள் கொப்பிக்கு உச்சத் தொகை வைப்பார்கள், ஒரு கிழமைக்கு மேல் விடமாட்டார்கள். மனம் நல்ல முதலாளிகள் விடுவார்கள். மூடிய கடைகளில் இரண்டாவது வகைதான் கூட.

இவ்வளவும் உள்ளே நடப்பவை. வெளியே, ஆள் நடக்கும் வழியே மாறிவிட்டால் நல்ல குசினியும் கடையைக் காப்பாற்றாது. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் மிதவைப் பாதையிலும் லோஞ்சிலும் போன காலத்தில் துறையடிக் கடைகளுக்கு விளம்பரம் தேவைப்பட்டதில்லை. காத்திருக்கும் சனம்தான் வியாபாரம். அரை மணித்தியாலம் நிற்கிறவருக்குத் தேத்தண்ணீரும் ஒரு வடையும் வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, பிறகு மூதூர் வழியிலும் பாலங்கள் வந்தன. சனத்துக்குப் பெரிய விடிவு. காத்திருப்பு போனது, காத்திருப்பில் பிழைத்த வடையும் போனது. ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களை நம்பித் திறந்த கடைகளும் அப்படித்தான். பாஸ்தா, சூப், மில்க்‌ஷேக் என்று நீண்ட பட்டியல், அதற்கேற்ற குளிர்பெட்டிகள், ஆங்கிலம் பேசும் பரிமாறுபவர்கள். நிறுவனங்கள் அலுவலகத்தை மூடிப் போனபின் பட்டியல் மட்டும் சுருங்காமல் நின்றது. நூறு வகை எழுதியிருக்கும் கடையில் ஐந்துக்கு மேல் கேட்டால் "அது இன்றைக்கு இல்லை" என்ற பதில்தான். இல்லை என்று சொல்லக்கூடாது என்றால், எழுதியிருப்பதில் பாதிக்காவது சாமான் குளிர்பெட்டியில் கிடந்து பழுதாக வேண்டும். மின்சாரக் கட்டணம் வேறு.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக் கடைகளின் கதையை வருடங்களே சொல்லும். அங்கே பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், புறாமலைக்குப் படகு போகாது, மேசைகள் காலி. ஐந்து மாதத்தில் உழைத்து பன்னிரண்டு மாத வாடகை கட்டும் தொழில் அது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் பருவம் தொடங்கும் வாசலில் நடந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2021 கொரோனாவோடு கழிந்தது. 2022இல் எரிபொருளும் இல்லை, எரிவாயுவும் இல்லை. நான்கு பருவம் அடுத்தடுத்துப் போனால் எந்தச் சேமிப்பும் தாங்காது. வருட வாடகையை முற்பணமாகக் கட்டியவர்கள் முதலில் விழுந்தார்கள், கட்டிய காசு திரும்பி வராததால்.

எரிவாயுவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாய். அந்த மாதம் 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. இவை கொழும்பு விலைகள், இங்கே வந்து சேர இன்னும் கூடும். கொத்துக்கல்லின் பெரிய அடுப்பு மணிக்கு ஒரு கிலோ வரை குடிக்கும். மாலை 6 மணியிலிருந்து இரவு 11 வரை 5 கிலோ என்று வையுங்கள்: பழைய விலையில் 600 ரூபாய்க்குக் கிட்ட, 2022 ஏப்ரல் விலையில் 1,950க்குக் கிட்ட. கல்லை அணைத்து அணைத்துப் பற்றவைக்க முடியாது, சூடு ஏற நேரம் பிடிக்கும். ஆகவே 20 பிளேட் போனாலும் 80 பிளேட் போனாலும் எரிவாயுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஏப்ரல் விலையில் 80 பிளேட் விற்றால் பிளேட்டுக்கு 24 ரூபாய், 20 விற்றால் 97. விலை ஏறியது எல்லோருக்கும் பொது. ஆள் குறைந்த கடைக்கு மட்டும் அது நான்கு மடங்காக விழுந்தது. விறகுக்கு மாறியவர்களுக்குக் கல்லின் சூடு கைக்குள் நிற்கவில்லை. நடு கருகும், ஓரம் வேகாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது குளிர்பெட்டியில் இருந்த மீன் கதையை முடித்தது.

மீன்கறியிலும் ஒரு குறிப்பு. 10 கிலோ பாரை வாங்கினால் தலை, குடல், செதில், வால் போகத் துண்டாக நிற்பது ஏறக்குறைய 6 கிலோ. 75 கிராம் துண்டாக 80 சாப்பாடு. மாரியில் மீனுக்குத் தட்டுப்பாடு வரும்போது உறையவைத்ததை எடுப்பார்கள், அது குழம்பில் கொதித்தால் உதிரும். அதனால் முதலில் பொரித்துப் பிறகு ஆணத்தில் போடுவார்கள். மாரியில் இது சாதாரணம். சோளகம் (தென்மேல் காற்று) வீசும் காலத்தில், கடல் கரையில் மீன் குவியும்போதும் பொரித்த துண்டே கறியில் வந்தால், அந்தக் கடையிலிருந்து யாரும் காலையில் மீன் வாங்கப் போவதில்லை.

சனம் நிறைய வருகிறதே என்று கேட்பவர்கள் கோணேசர் கோயிலடியைக் காட்டுவார்கள். விடுமுறைக் காலத்தில் பஸ் பஸ்ஸாக வருவது உண்மை. ஆனால் தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ்களில் பல, பானை, அரிசி, விறகோடு சமையற்காரரையும் ஏற்றிக்கொண்டுதான் வருகின்றன. கடைக்காரருக்கு மிஞ்சுவது தண்ணீர்ப் போத்தல் வியாபாரமும் கழிவறை கேட்பவர்களும். (பார்சல் எச்சங்களைத் தேடி ஊருக்குள் வரும் எங்கள் மான்களுக்குத்தான் நல்ல காலம், பிளாஸ்டிக் தாளையும் சேர்த்து விழுங்குவது அவற்றின் கெட்ட காலம்.)

நல்ல வியாபாரம் நடந்த கடையும் மூடும். அது பெரும்பாலும் உடன்படிக்கை முடியும் மாதத்தில். வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் கட்டட உரிமையாளரும்தான் எண்ணிக்கொண்டிருப்பார். புதுப்பிக்கும்போது வாடகையையும் முற்பணத்தையும் ஒன்றாக ஏற்றுவார். புகைபோக்கி, ஓடு பதித்த குசினி, கழிவுநீர்க் குழி என்று கடைக்காரர் போட்ட காசு சுவரோடு ஒட்டியிருக்கும், கழற்றிக்கொண்டு போக முடியாது. இது தெரிந்தவர்கள் உடன்படிக்கையிலேயே ஐந்து வருடமும், வருடத்துக்கு எத்தனை வீதம் கூடலாம் என்பதையும் எழுதிக்கொள்வார்கள். வாய்ச்சொல்லை நம்பியவர்கள் அடுத்த தெருவில் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். பழைய கூட்டத்தில் பாதிதான் தெரு தாண்டி வந்தது.

கொத்துக்கல், கண்ணாடிப்பெட்டி, குளிர்பெட்டி ஆகியவை மூடிய கடையிலிருந்து கிழமைக்குள் கைமாறிவிடும். ஆட்கள் அதற்கு முதலே போயிருப்பார்கள், சம்பளம் ஒருமுறை பிந்தினாலே ரொட்டி போடுகிறவருக்கு வேறு கடையிலிருந்து அழைப்பு வரும். பிடித்த கடை மூடியிருந்தால் பக்கத்து வெற்றிலைக்கடையில் கேளுங்கள், கொத்துப் போட்டவர் இப்போது எந்தக் கடையில் நிற்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். போய்ச் சாப்பிட்டால் ரொட்டி அதேதான், வெட்டும் அதேதான். ஆணம் மட்டும் வேறாக இருக்கும், அதைக் காய்ச்சியவர் இன்னொருவர். அவர் எங்கே என்றும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.