பாகிஸ்தானில் பிறந்து தென்னாபிரிக்காவுக்காக ஓடியவர்

தென்னாபிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர் இம்ரான் தாஹிர் பற்றிக் கதை வந்தாலே எங்கள் கூட்டாளிகளில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார், "அவன் பாகிஸ்தான்காரன்தானே மச்சான், காசுக்கு மாறிப் போனவன்" என்று. எனக்கு இதைக் கேட்டால் உண்மையாகவே கோபம் வரும். காசுக்குப் போகிறவன் இத்தனை வருஷம் காத்திருக்க மாட்டான்.

லாகூரில் 1979இல் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம், இளவயதில் அங்கே ஒரு கடைத்தொகுதியில் விற்பனையாளராக வேலை பார்த்திருக்கிறார். பாகிஸ்தானின் 19 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆடினார், தேசிய அணிக்கு அடுத்த நிலையான ஏ அணிக்கும் ஆடினார், தேசிய அணியின் கதவு மட்டும் கடைசிவரை திறக்கவே இல்லை. 1998இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்துக்காக தென்னாபிரிக்கா போன இடத்தில்தான் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரைச் சந்திக்கிறார். பிறகு அவரையே கல்யாணம் முடித்து அங்கேயே குடியேறிவிட்டார். இடையில் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி (மாவட்ட) அணி, அடுத்த வருஷம் இன்னொரு கவுண்டி என்று பந்து போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறார். 2010 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டுக்கு தென்னாபிரிக்கா அவருடைய பெயரை அறிவித்தே விட்டது, அப்புறம் பார்த்தால் அவர் இன்னும் அந்த நாட்டுக்கு ஆடும் தகுதியைப் பெறவில்லை என்று தெரிந்து பெயரைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். முப்பது வயதில் ஒரு மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்துதான் 2011 பெப்ரவரியில், டெல்லியில், உலகக் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம். 41 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். விக்கெட் விழுந்தவுடன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எல்லைக்கோடு வரைக்கும் ஓடுவாரே, அதைச் சிலர் படம் காட்டுகிறார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அத்தனை வருஷமாக அடக்கி வைத்த சந்தோஷம் அது, வேறு எப்படி வெளியே வரும்?

சரி, எங்கள் இலங்கை அணிக்கு அவர் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2015 மார்ச் 18, சிட்னியில் உலகக் கிண்ணக் காலிறுதி. வேலை நாள், இங்கே காலை ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு டீவிக் கடை வாசலில் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஆட்கள், நானும் அதற்குள் ஒருத்தன். நான்கு ஆட்டங்களில் தொடர்ந்து சதமடித்த சங்கா (குமார் சங்கக்கார) அன்றைக்குக் கட்டை போட்டுக்கொண்டே நிற்கிறார், ஓட்டம் வரவே மாட்டேன் என்கிறது. தாஹிர் வந்து திரிமான்னவைத் தன்னுடைய பந்தில் தானே பிடித்தார், மஹேல 4 ஓட்டங்களோடு டு பிளெஸியிடம் பிடி கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா, "இவன்ட பந்து எந்தப் பக்கம் போகும் எண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கவே இல்லைத் தம்பி" என்றார். அதுதான் நடந்தது. ஒரு பக்கம் திரும்பும் லெக் ஸ்பின்னும் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும் கூகிளியும் ஒரே கையசைவில் வந்தால் கையைப் பார்த்து ஆடவும் முடியாது, பந்து குத்தித் திரும்பியபின் ஆடவும் நேரமில்லை. திசரவும் மாலிங்கவும்கூட அவருக்குத்தான் விழுந்தார்கள். டுமினி வேறு அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் என்று ஹாட்ரிக் எடுத்தார். 133 ஓட்டங்களில் சுருண்டோம். சங்கா 96 பந்தில் 45. தாஹிர் 26 ஓட்டங்களுக்கு 4. மஹேலவுக்கும் சங்காவுக்கும் அதுதான் கடைசி ஒருநாள் ஆட்டம், அதனால் அந்த நாளை நினைத்தால் இப்போதும் வயிறு எரியும், ஆனாலும் அந்த மனுஷன் ஓடியதைப் பார்த்தபோது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

டெஸ்டில் அவருக்கு அவ்வளவு நல்ல காலம் இல்லை. 2012இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அடிலெய்ட்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 37 ஓவர், 260 ஓட்டம், ஒரு விக்கெட்டும் இல்லை. விக்கெட்டே எடுக்காமல் ஒரு டெஸ்டில் அத்தனை ஓட்டங்களை அதுவரை யாரும் கொடுத்ததில்லை. ஸ்டெயின், மோர்கல், ஃபிலாண்டர் என்று வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்த அணியில் ஸ்பின்னரிடம் எதிர்பார்த்தது ஓட்டத்தைக் கட்டுப்படுத்திக் கொடுப்பதைத்தான் என்பது என் அபிப்பிராயம், தாஹிரோ எல்லாப் பந்திலும் விக்கெட் தேடுகிற ஆள். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த வருஷம் டுபாயில் திரும்ப எடுத்தார்கள், எதிரணி பாகிஸ்தான்! 32 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், பாகிஸ்தான் 99க்குச் சுருண்டது. பிறந்த நாட்டு அணிக்கு எதிராகப் பந்து போடும்போது கை நடுங்கவில்லை, கொண்டாட்டத்திலும் ஒரு குறை வைக்கவில்லை.

அதற்காக அவர் பிறந்த ஊரை மறந்துவிட்டார் என்று சொல்ல வராதீர்கள். 2017 ஜனவரியில் ஜோகன்னஸ்பேர்க்கில் எங்கள் அசேல குணரத்னவின் விக்கெட்டை எடுத்துவிட்டு மேல்சட்டையைத் தூக்கிக் காட்டினார், உள்ளே விமான விபத்தில் இறந்துபோன பாகிஸ்தான் பாடகர் ஜுனைத் ஜம்ஷேத்தின் படம். சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசி கண்டித்தது. தென்னாபிரிக்கச் சீருடையும் அந்தப் படமும் ஒரே உடம்பில்தானே இருந்தன! கொழும்பிலிருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் போன எங்கள் சொந்தக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. கொழும்பில் பிறந்த சஞ்சயன் துரைசிங்கம் 2003 உலகக் கிண்ணத்தில் கனடாவுக்குத்தான் ஆடினார், அவரை யாரும் துரோகி என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. தாஹிருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

2019 உலகக் கிண்ணத்தின் முதல் ஓவரையே, 40 வயதில், அவர் கையில் கொடுத்தார் அணித்தலைவர் டு பிளெஸி. உலகக் கிண்ணத்தை ஒரு ஸ்பின்னர் தொடங்கி வைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது பந்தில் இங்கிலாந்தின் பெயர்ஸ்டோ அவுட். அதே வருஷம் ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக 26 விக்கெட் எடுத்து, அதிக விக்கெட் எடுத்தவருக்குக் கொடுக்கும் ஊதாத் தொப்பியையும் வாங்கினார், தமிழில் ட்வீட் போட்டார், சென்னை ரசிகர்கள் ‘பராசக்தி எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் கிரிக்கெட்டில் 107 ஆட்டங்கள், 173 விக்கெட்டுகள், தொடங்கும்போதே வயது 32ஐ நெருங்கியிருந்தது. இருபத்தைந்தில் தொடங்கியிருந்தால் எங்கே போயிருப்பாரோ. 2023இல், 44 வயதில், கயானா அணிக்குத் தலைவராக நின்று கரீபியன் பிரீமியர் லீக் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார், அந்த அணிக்கு அதுதான் முதல் கிண்ணம்.