மீன்பெட்டி செய்து வாங்கிய முதுமாணி

"பொறியியல் படிச்ச பிள்ளை, மீன்பெட்டி செய்யிறதுக்கா ரெண்டு வருசம் இந்தியாவுக்குப் போனது?" என்று பெரியம்மா கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. புரொடக்ட் டிசைனில், அதாவது பொருள் வடிவமைப்பில், முதுமாணி செய்யப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கே அது என்ன படிப்பென்று முழுதாக விளங்கியிருக்கவில்லை. இப்போது எங்கள் திருகோணமலையில் உவர்மலையில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் தம்பி தங்கைகள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனதால் எழுதிவைக்கிறேன்.

பேராதனையில் உற்பத்திப் பொறியியல் முடித்துவிட்டு, கொழும்பில் பிளாஸ்டிக் வாளிகள் செய்யும் ஒரு கம்பனியில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே என் வேலை மூடி. மூடி ஒழுகுகிறது என்று முறைப்பாடு வந்தது. மோல்டில் அரை மில்லிமீட்டர் இறுக்கினோம், ஒழுகல் நின்றது. அடுத்த மாதம் மூடியைத் திறக்கப்போய் நகம் உடைகிறது என்று முறைப்பாடு. திறப்பவரின் கையை நாங்கள் ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அந்தக் கையைப் பற்றிப் படிக்கவும் ஒரு இடம் இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட வடிவமைப்பு இளமாணி இருக்கிறது. உயர்தரம் முடித்தவர்கள் முதலில் அதைப் பாருங்கள். இஸட் புள்ளியோடு தனியாக ஒரு உளச்சார்புத் தேர்வும் எழுத வேண்டும். என்னைப்போல வேறு பட்டம் முடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இந்தியாவைப் பார்க்கலாம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தொடங்கியது, அதற்கென்று சொந்தமாக நுழைவுத் தேர்வு வைத்திருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளி 1969இல் வந்தது. ஐ.ஐ.டி.களிலும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யிலும் எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுமாணி படிக்க 'சீட்' (CEED) என்ற பொதுத் தேர்வு. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் அந்தத் தேர்வில் முதல் பகுதி கணினியில். இரண்டாம் பகுதி தாளில் கையால் வரைவது. முதல் பகுதியில் தேறினால்தான் உங்கள் படங்களை யாராவது பார்ப்பார்கள். வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு ஒவ்வொரு இடத்திலும் விதி வேறு, ஆகவே மற்றவர் சொல்வதை நம்பாமல் அந்தந்த வருட அறிவித்தலை வாசியுங்கள். இந்திய அரசின் புலமைப்பரிசில்களை ஒவ்வொரு வருடமும் கொழும்பு உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று உண்டு. நான் போனது போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு), நேர்முகம் என்ற வழியில், சேமிப்பும் வங்கிக் கடனுமாக. எந்த இடம் என்று எழுதினால் என் ஆசிரியர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், விடுங்கள்.

கடதாசி வேலையை அலட்சியமாக எடுத்துவிடாதீர்கள். என் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூட்டி எழுதிவிட்டார், பட்டச் சான்றிதழில் அந்த எழுத்து இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, அதையும் சேர்த்து அனுப்புவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது.

போர்ட்ஃபோலியோ வேறு கதை. முதல் தடவை இருபது பக்கமும் சொலிட்வேர்க்ஸ் என்ற கணினி மென்பொருளில் செய்த பளபளப்பான படங்கள். மொறட்டுவையில் படித்த அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "இது மெஷினுக்கு வேலை தேடுற ஆள் மாதிரி இருக்கு, உன்னை எங்கே காணோம்?" என்றார். பதினான்கு பக்கத்தைத் தூக்கி எறிந்தேன். அந்த நகம் உடைந்த மூடிக் கதையை எட்டுப் பக்கத்தில் போட்டேன்: பழுதான மாதிரிகளின் படங்கள், பேனையால் கிறுக்கியவை, சந்தையில் ஒரு அம்மா வாளி மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறக்கும் போட்டோ. நேர்முகத்தில் அந்தக் கரண்டிப் போட்டோவைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் அழகாக வரைகிறவள் இல்லை. வரையத் தெரியாது என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நேர்முகத்தின் கடைசிக் கேள்வி: உங்கள் வீட்டில் நல்ல வடிவமைப்புள்ள பொருள் ஒன்றைச் சொல்லுங்கள். அம்மம்மாவின் திருவலையைச் சொன்னேன். பலகையில் உட்கார்ந்தவுடன் நம் பாரமே அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும், ஆணியோ ஸ்குரூவோ தேவையில்லை, இரண்டு கையும் தேங்காய்க்கு. பேராசிரியர் சிரித்தார், "சரி, அதில் என்ன பிழை?" என்றார். எனக்கு வாய் கட்டிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது: அம்மம்மா முழங்கால் வலியால் ஆறு வருடமாக அதில் உட்காரவே இல்லை. தேங்காய் திருவுவது அம்மா. அந்தப் பதிலால்தான் இடம் கிடைத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

முதல் அரையாண்டில் பொறியியல் புத்தி அடிவாங்கியது. காட்போர்டில் பத்து சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று, விளிம்பில் பசை தெரியாமல் செய்ய வேண்டும். ஐந்து தடவை செய்தேன். பிறகு களிமண், பிளாஸ்டர், நுரைப் பலகையை உப்புத்தாளால் தேய்த்து உருட்டுவது. ஓவியத்தில் நீள்வட்டம் மட்டும் நூறு பக்கம், ஏனென்றால் போத்தல், கோப்பை, சில்லு எதை வரைந்தாலும் நீள்வட்டம் கோணினால் பொருளே கோணிவிடும். வாரக் கடைசியில் ஜூரி, அதாவது ஆசிரியர்கள் வேலையை மதிப்பிடும் அமர்வு. எல்லோர் முன்னாலும் நமது வேலையைச் சுவரில் குத்திவிட்டு நிற்க வேண்டும். முதல் ஜூரியில் தீர்வை விளக்கத் தொடங்கினேன். "பிரச்சினை என்னவென்று சொல்லாமல் விடையைச் சொல்கிறாயே" என்று நிறுத்திவிட்டார்கள். அறைக்குப் போய் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அங்கே எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் கதை தண்ணீர்ச் செம்பினுடையது. 1958இல் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருட்களிலேயே மிக அழகானது சாதாரணச் செம்பு என்று அதில் புகழ்ந்துவிட்டு, புதிதாக ஒரு செம்பைச் செய்வதென்றால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அடுக்கினார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், எப்படிப்பட்ட கை தூக்கும், தலையிலா இடுப்பிலா, நிரம்பியபோதும் வெறுமையானபோதும் பாரம் எங்கே நிற்கும், கழுவ வருமா, தட்டினால் என்ன சத்தம், என்ன விலை. அகமதாபாத் நிறுவனம் பிறந்ததே அந்த அறிக்கையின் பின்னால்தான். கன்னியா வெந்நீரூற்றில் சின்ன வயதில் வாளியால் அள்ளிக் குளித்த எனக்கு அந்தப் பட்டியல் உடனே ஒட்டிக்கொண்டது. கடைசிப் புரொஜெக்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் மீன்பெட்டிக்குப் போனேன். அப்படியிருந்தும் "கழுவ வருமா" என்பதைத் தவறவிட்டேன், அதற்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் காலையில் ஹோர்ன் அடித்தால் மீன்கார அண்ணா வந்துவிட்டார் என்று அர்த்தம். மோட்டார் சைக்கிளின் பின்னால் பலகைப் பெட்டி அல்லது ரிஜிஃபோம் பெட்டி, அதைச் சுற்றி டயர் டியூப்பை வெட்டிய பட்டி, மேலே தராசு. பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை, அதில் செருகிய துணி. உருகிய தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், பின்னால் நாய் வரும். ஆறு பேரோடு ஒரு மாதம் விடியற்காலையில் மீன்சந்தையில் நின்றேன், ஒருவருடைய பெட்டிக்குள் வெப்பமானி வைத்துப் பாலையூற்று, அன்புவழிபுரம் வரை ஸ்கூட்டியில் பின்னால் போனேன்.

கணக்கு இப்படி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 28 பாகையில் இருக்கும் 20 கிலோ மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மட்டும் ஏறத்தாழ 6 கிலோ ஐஸ் போய்விடும். வெயிலும் திறந்து மூடுவதும் அதற்கு மேலே. அதனால்தான் வெப்ப நாடுகளில் மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் போடச் சொல்கிறார்கள். அண்ணா போட்டது மொத்தமே 5 கிலோ. கூடப் போட்டால் மீனுக்கு இடமில்லை, பெற்றோலும் கூட. பத்து மணிக்கு மேல் அடியில் கிடந்த சூடை மீன் வெதுவெதுப்பான இரத்தத் தண்ணீரில் மிதந்தது.

வீடுவீடாக மூடியைத் திறக்கும்போதுதான் குளிர் போகிறது என்று பிடித்துக்கொண்டேன். ஆகவே பக்கவாட்டில் இழுக்கும் இரண்டு லாச்சி: பாரை ஒன்றில், சின்ன மீன் ஒன்றில். குளிர் அரைவாசிதான் வெளியே போகும். ஜூரிக்கு நல்லாகப் பிடித்துவிட்டது. நான் ஊருக்கு வந்து ஃபைபர் படகு திருத்தும் பட்டறையில் உண்மையான அளவில் ஒன்று செய்து அண்ணாவிடம் கொடுத்தேன். 19 கிலோ.

மூன்றாம் நாள் அவர் பழைய பெட்டியோடு வந்தார். "தங்கச்சி, சனம் மேல நிண்டு குவியலைப் பார்த்து, கிண்டித்தான் மீன் எடுக்கும். லாச்சிக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்தா பழசை ஒளிச்சு வச்சிருக்கிறன் எண்டு நினைக்குதுகள்." குளிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவருடைய வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் என் பெட்டி கவிழ்ந்து கிடந்தது, லாச்சி ஓடும் தண்டவாளத்துக்குள் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. அவருடைய மனைவி ஒரு பழைய பல்துலக்கியால் அதைக் குத்திக்கொண்டிருந்தார். "பிள்ளை, உதைக் கழுவுறது அவர் இல்லை, நான்" என்றார். ஆறு பேரையும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை அளந்திருந்தேன். கழுவுகிற இவரை அளக்கவில்லை, கேட்கவும் இல்லை.

இரண்டாவது பெட்டியை அண்ணாவின் மனைவியோடு கிணற்றடியில் இருந்து வரைந்தேன். உள்மூலைகள் எல்லாம் உள்ளங்கை வளைவில், எங்கும் ஒரு இடுக்கு இல்லை. அவர் ஒரு கையால் சரிக்கக்கூடிய பாரம்: 11 கிலோ. நடுவில் பொலியூரிதேன் நுரை, இரு பக்கமும் ஃபைபர். அடியில் ஓட்டை போட்ட தட்டு, தண்ணீர் கீழே இறங்கும், மீன் ஊறாது. துணிக்குப் பதில் ரப்பர் அடைப்பு. மூடி இரண்டு துண்டு. முன் துண்டைத் திருப்பினால் அதுவே தட்டு. ஒரு கிலோ மீனை அதில் பரப்பி ஐஸ் தூவிவிட்டால் சனம் கிண்டிப் பார்க்கலாம், மற்றது உள்ளே மூடியிருக்கும். பத்து மணிக்கு அடித்தட்டில் வெப்பமானி 4 பாகை காட்டிய நாள் அண்ணா அதைப் போனில் படம் எடுத்துச் சந்தையில் எல்லோருக்கும் காட்டினார்.

கடைசி ஜூரியில் விலையில் பிடித்தார்கள், பிடிக்க வேண்டியதுதான். கையால் ஃபைபர் போட்டால் ஒரு பெட்டி ரிஜிஃபோம் பெட்டியைவிடப் பல மடங்கு. தண்ணீர்த் தாங்கி செய்வதுபோல ரோட்டோ மோல்டிங்கில் போனால் குறையும், ஆனால் அச்சுக்கு முதலில் யாராவது பணம் போட வேண்டும். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருக்கவில்லை என்றே சொன்னேன், பட்டம் தந்தார்கள்.

பெட்டி இன்னும் பாலையூற்றுப் பக்கம் ஓடுகிறது. மூடிக்கு நான் தேடித் தேடி வாங்கிப் பூட்டிய ஸ்டெயின்லெஸ் கீல் முதல் மாரியிலேயே உப்புக் காற்றில் இறுகிப்போனது. அண்ணா அதைக் கழற்றி எறிந்துவிட்டு டயர் டியூப்பில் நாலு விரல் அகலத் துண்டு வெட்டி ரிவிட் அடித்திருக்கிறார். சத்தமும் இல்லை, கழுவவும் லேசு. போன கிழமை அதை அளந்து என் வரைபடத்தில் திருத்திக்கொண்டேன்.