கேடயத்தில் வரைந்த சூரியன்

டார்க் சோல்ஸ் என்ற வீடியோ கேம் ஆட்டத்தில் கிடைக்கும் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ள குறிப்புகளைத் தமிழில் எழுதிப் பார்க்கத் தொடங்கி ஏழு வாரம் ஆகிறது. முதல் நோட்டு தீர்ந்துவிட்டது. 2011இல் வந்த அந்த ஆட்டத்தில் கதையை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. மோதிரத்தின் குறிப்பில் ஒரு வரி, வாளின் குறிப்பில் இன்னொரு வரி. கோத்துப் பார்ப்பது நம் வேலை.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி பழையது: ஆட்டத்தில் சூரிய ஒளிக்கு அதிபதியான கடவுள், க்வின் அரசனின் மூத்த மகன் யார்? மோதிரக் குறிப்பு சொல்வது கொஞ்சம்தான். அவன் போர்க்கடவுள்; மடமையால் கடவுள் நிலையை இழந்தான்; இன்று அவன் பெயர்கூட யாருக்கும் தெரியாது. சூரியனைத் தேடி அலையும் வீரன் சோலேர்தான் அவன் என்று ரசிகர்கள் பலர் நம்பினார்கள். நானும் நம்பினேன். டிராகன் காவல் இருக்கும் பாலத்தைக் கடந்தால் சூரிய பீடம் வரும். அங்கே சிலை உடைந்து கிடக்கும். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும் சுடலைமாடனுக்கு உருவம் கிடையாது, பீடம்தான். கொடை இரவில் வில்லுப்பாட்டுக் குடம் அதிர அதிர, ஆச்சி மடியில் படுத்துக்கொண்டுதான் மாடன் பிறந்த கதையைக் கேட்டேன். அதனால் சிலை இல்லாத பீடத்தைக் கண்டதும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

நான்காம் வாரம் சோலேரின் கேடயக் குறிப்புக்கு வந்தேன். அந்தச் சூரியச் சின்னத்துக்குச் சக்தி எதுவும் இல்லை, அவனே வரைந்துகொண்டது. அவன் வல்லமை பயிற்சியால் வந்தது, வேறெதனாலும் அல்ல. ஆங்கிலத்தில் இதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். தமிழில் 'வேறெதனாலும்' என்று எழுதும்போதுதான் பேனா நின்றது. கடவுளின் மகன் என்றால் அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன வேலை? வாளின் குறிப்பும் அதையே சொல்கிறது: நன்றாக அடித்த, நன்றாகப் பேணிய சாதாரண வாள்.

2016இல் வந்த டார்க் சோல்ஸ் மூன்றாம் ஆட்டத்தில் 'பெயரற்ற அரசன்' என்ற எதிரி டிராகன் மேல் ஏறி வருகிறான். டிராகன்களைக் கொன்ற போர்க்கடவுள், எல்லாவற்றையும் துறந்து அவற்றோடே சேர்ந்தவன். மோதிரக் குறிப்புக்கு அவன் கச்சிதமாகப் பொருந்துகிறான். ஆனால் சோலேர் அவன் இல்லை என்று சொல்ல அதுவரை காத்திருக்கவே வேண்டாம். விடை முதல் ஆட்டத்தின் கேடயத்திலேயே இருக்கிறது. யாருக்கும் பிள்ளையாக இல்லாமல், கையால் வரைந்த சூரியனோடு நடக்கும் அந்த மனிதன் எனக்கு இப்போது இன்னும் பெரியவன்.

இந்த வாரம் பிரிசில்லாவின் கத்தி. ஓவியத்துக்குள் வாழும் அந்த அரை டிராகன் பெண்ணைப் பெற்றவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. கத்தியின் ஆற்றலான லைஃப்ஹன்ட்டுக்கு 'உயிர்வேட்டை' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.